ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர் மறுபடி மூண்டதோடு வடக்கின் மீது அரசின் பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, இரும்பு, உரம் என்று தடைப் பட்டியல் நீளம். 1995 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி இடம்பெயர்ந்தது. அதன் பிறகு பெருந்தொகையானோர் கிளாலிக் கடல் தாண்டி, தெற்கே புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் வந்தார்கள். ஆட்கள் பெருகினார்கள், பொருள் பெருகவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்திய அளவில் வந்தது. சங்கக் கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், கூப்பனுக்கு அளந்து ஊற்றுவார்கள். அந்த ஒரு போத்தலை வைத்து வீடு எப்படி ஓடியது, வாகனம் எப்படி ஓடியது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் வெளிச்சம். ஜாம் போத்தல் விளக்கை வன்னியில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் செய்முறையாகவே சொல்லிவிடுகிறேன். போத்தலின் அடியில் ஒரு பிடி பஞ்சு. அதற்கு மேல் இரண்டு மூன்று மேசைக்கரண்டி மண்ணெண்ணெய். பஞ்சு ஊற வேண்டும், எண்ணெய் தளம்பக் கூடாது. தட்டுப்பட்டுச் சரிந்தாலும் பாயில் ஊற்றாமல் இருக்கத்தான் பஞ்சு. பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து வால்வுக் கட்டையை வெட்டி எடுத்து, ஒட்டியிருக்கும் றப்பரைச் சுரண்ட வேண்டும். சுரண்டாவிட்டால் கருகி நாறும். கட்டைக்குள் பருத்தித் துணித் திரி. மெல்லிய கம்பியைக் கட்டையில் சுற்றி, மறு நுனியைப் போத்தல் விளிம்பில் கொழுவினால், திரியின் வால் பஞ்சைத் தொடும், சுடர் போத்தலுக்குள்ளே நிற்கும். காற்று அணைக்காது, சிமினியும் வேண்டாம்.

ஏன் ஜாம் போத்தல், ஏன் சோடாப் போத்தல் இல்லை? புகை வெளியேறுவதும் புதுக்காற்று உள்ளே இறங்குவதும் ஒரே வாயால்தான். கழுத்து ஒடுங்கியிருந்தால் சுடர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். திரி ஒரு நெல்மணி அளவு வெளியே நீட்டினால் போதும். அதற்கு மேல் நீட்டினால் வெளிச்சம் கூடாது, கரிதான் கூடும். கட்டை ஒரு பக்கம் சாய்ந்து சுடர் கண்ணாடியில் முட்டினால் போத்தல் வெடிக்கும். சூட்டோடு தண்ணீர் பட்டாலும் அதே கதிதான். காலையில் சாம்பல் போட்டு உள்ளே துடைக்காவிட்டால் இரவு பாதி வெளிச்சம் கரியிலேயே போய்விடும். விமான இரைச்சல் கேட்டால் ஊதி அணைக்கத் தேவையில்லை. போத்தல் வாயைச் சிரட்டையால் மூடினால் சுடர் தானாக அடங்கும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளின் மூக்குத் துவாரத்தில் காலையில் கரி இருந்ததும் இந்த விளக்கால்தான். அதைப் பெருமையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மண்ணெண்ணெயால் ஆகாத காரியம் வானொலி. பற்றறி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் முட்ட வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். டைனமோ தருவது மாறுமின்னோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். பழுதான வானொலியிலிருந்து கழற்றிய டயோட்டுகளும் கொள்ளளவியும் இடையில் போடாவிட்டால் செய்தியை அமுக்கிக்கொண்டு இரைச்சல்தான் வரும். சுற்றுபவர் உசாராகி வேகத்தைக் கூட்டினால் பெட்டி எரிந்துவிடும். பிபிசி தமிழோசை இரவு 9.15 க்கு. அது பழைய நேரம்! 1996 இல் அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியபோது வன்னி தள்ளவில்லை. கடைசியில் அரை மணி வித்தியாசமாக நின்றது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

இனி வாகனம். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது என்றால் இன்று நம்பமாட்டார்கள். ஆனால் தோட்டத்து இறைப்பு மிசின் அதற்கு முன்பே அப்படித்தான்: சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் இயக்கி, சூடேறிய பின் குழாயை மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூடேறினால் ஆகும். சூட்சுமம் அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளில் இரண்டு தாங்கி இல்லை. எனவே மூடியில் துளையிட்ட ஒரு சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோல். எரிபொருள் குழாயைப் பூட்டி, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் காற்று வாய்க்குள் சில சொட்டுப் பீச்சி, உதைக்க வேண்டும். பிடித்தவுடன் கைப்பிடி முறுக்கியை மெல்லப் பிடித்துக்கொண்டு குழாயைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் இரண்டு இருமல் இருமி நின்றுவிடும், பிளக் நனைந்திருக்கும். கழற்றி, துடைத்து, அடுப்பில் காட்டிச் சூடாக்கி மறுபடி பூட்ட வேண்டும். பெற்றோல் கூடினால் காற்று வாயால் தீ திருப்பி அடிக்கும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது. பின்னால் வருபவரின் கண் எரியும் வெள்ளைப் புகையை யாராலும் நிறுத்த முடியவில்லை.

வெளியே தெரியாத சேதம்தான் பெரிது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். விரலில் தொட்டால் தண்ணீர் போல வழுக்கும், மண்ணெண்ணெய் மணக்கும். அதற்குப் பிறகும் ஓடினால் எஞ்சின் இறுகிவிடும். ஒயிலை மாற்றலாம் என்றால் ஒயிலும் தட்டுப்பாடு.

2002 தொடக்கத்தில் தடை தளர்ந்து, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை திறந்து, பெற்றோல் வந்தபோது திருத்தகங்களில் வேலை குவிந்தது. ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும், ஒயிலை முழுதாக வடிக்க வேண்டும், தாங்கியின் அடிமண்டியைக் கழுவ வேண்டும். அந்தச் சின்ன மருந்துப் போத்தலை எறியாமல் கூரை இறப்பில் செருகி வைத்தவர்களும் இருந்தார்கள். 2006 ஓகஸ்ட் 11 இல் அந்தப் பாதையிலுள்ள முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டபோது அதைத் திரும்ப எடுத்தார்கள்.