தொப்புளில் வந்த கட்டி

நேயர்களுக்கு வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா கிளினிக்குக்கு வந்திருந்தார். தொப்புளில் கல்லுப் போல ஒரு சின்னக் கட்டி. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு உரசித் தடித்துவிட்டது என்று நினைத்து, இரண்டு மாதமாக மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறார். பேச்சுவாக்கில்தான் முதுகுக் குத்தும், சாப்பாடு இறங்காததும், உடம்பு மெலிந்ததும் வெளியே வந்தன. கட்டியில் துளி எடுத்துப் பரிசோதித்தோம். புற்றுநோய். ஆனால் தோலில் பிறந்ததல்ல. அதன் வேர் சதையியில் இருப்பதை ஸ்கேன் காட்டியது.

சதையியைக் கணையம் என்றும் சொல்வார்கள். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே வளரும் கட்டி கைக்கு அகப்படாது; அதனால் தெரியவரும்போது பெரும்பாலும் பரவியிருக்கும். ஈரலுக்கும் வயிற்றுச் சவ்வுக்கும் போவதுதான் வழக்கம். தோலுக்கு வருவது மிக அரிது, வந்தால் அதிகமாகத் தொப்புளில்தான்.

இதைக் கவனித்துச் சொன்னவர் ஒரு தாதி. அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரில் டொக்டர் வில்லியம் மேயோவுக்குச் சத்திரசிகிச்சையில் உதவிய அருட்சகோதரி மேரி ஜோசப். தொப்புளில் இப்படிக் கட்டி இருந்தால் வயிற்றுக்குள் புற்றுநோய் பரவியிருப்பதைக் கண்டார். மேயோ 1928இல் இதை எழுதினார். 1949இல் அந்தக் கட்டிக்கே சகோதரியின் பெயர் வந்தது. தொட்டுப் பார்த்த கைக்குக் கிடைத்த மரியாதை அது.

“வெட்டி எடுத்தால் சரியாகாதா?” என்று மகன் கேட்டார். ஆகாது. தோலில் தெரிந்துவிட்டால் நோய் உள்ளேயும் பரவியிருக்கும். அப்புறம் பலருக்குச் சில மாதங்களே. உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு ஊசி மருந்துகள் காலத்தைக் கூட்டும். 2011இல் வெளியான ஆய்வொன்றில், பரவிய சதையிப் புற்றுநோய்க்கு ஒரே மருந்துக்குப் பதிலாகப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, சரிபாதிப் பேர் வாழ்ந்த காலம் 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாகக் கூடியது. மருந்து தாங்காதவருக்கும் வலியைக் குறைக்க மோர்பின் இருக்கிறது. கடைசி நேரத்து மருந்தென்று பயந்து அதைத் தள்ளிவைக்காதீர்கள், தயவுசெய்து.

தொப்புள் கட்டி எல்லாமே புற்றுநோயல்ல, குடலிறக்கமாகவும் இருக்கலாம். ஆனால் கெட்டியாக இருந்து, உடம்பும் மெலிந்தால், அல்லது கண் மஞ்சளாகி மலம் வெளுத்தால், மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

“அம்மாவிடம் சொல்லாதீங்க டொக்டர்” என்றார் மகன். அம்மாவோ என்னிடமே நேராகக் கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்த மகளை வரச் சொல்லும்படி மகனிடம் சொன்னார். மகள் வந்து, ஐந்து வாரம் லயத்தில் அம்மாவோடு இருந்தாள்.