பதறாமல் பார்க்க வேண்டிய உஃபிசி
(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்ததோடு வந்தவர்களுக்கெல்லாம் காபியும் கொடுத்து உபசரித்த மண்டப உரிமையாளர் அவர்களே, ஓவியப் புத்தகங்களைத் தேடி எடுத்துத் தந்த நூலகர் அம்மா அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் சுற்றுலா நிறுவன நண்பர்களே, முன்வரிசையில் குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் மறுமலர்ச்சிக் காலத்தின் வரலாற்றை அருமையாகச் சொல்லி என் வேலையைப் பாதியாக்கிவிட்டார். அவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் இருக்கும் உஃபிசி கலைக்கூடத்துக்குப் போவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்கிறேன். எப்போது போவது, உள்ளே எதைப் பார்ப்பது, செலவை எப்படிக் குறைப்பது. மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி இருக்கிறது: பதறாத காரியம் சிதறாது.

முதலில், திங்கட்கிழமை போகாதீர்கள். அன்று விடுமுறை. மற்ற நாட்களில் காலை 8.15க்குத் திறக்கிறார்கள். கலைக்கூடத்தின் சொந்த இணையதளத்திலேயே முன்பதிவு செய்யுங்கள். இடைத்தரகர்களிடம் அதே சீட்டு கூடுதல் விலைக்குப் போகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் முன்பதிவு கிடையாது, கூட்டம் நெரியும். கோடையில் வரிசை நீளம். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம். பெரிய பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். படி ஏறி இரண்டாம் மாடியிலிருந்துதான் பார்க்கத் தொடங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மின்தூக்கி எங்கே என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை உஃபிசியில் இல்லை. அது அக்காதேமியா என்ற வேறு கலைக்கூடத்தில் இருக்கிறது. அதற்குத் தனிச் சீட்டு. பக்கத்துச் சதுக்கத்தில் நிற்பது நகல்.

சரி, இப்போது ஒரு கதை. கதை என்றாலும் நடந்தது. 1911 ஆகஸ்ட் மாதம், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா காணாமல் போனாள். உலகமே தேடியது. எல்லைகளில் சோதனை, பத்திரிகைகளில் ஓலம். இரண்டு வருடம் தகவலே இல்லை. 1913 கடைசியில் ஃபிளாரன்ஸில் கலைப்பொருள் வியாபாரம் செய்த அல்ஃப்ரெதோ ஜேரி என்பவருக்கு ஒரு கடிதம் வந்தது. மோனாலிசா என்னிடம் இருக்கிறது என்று எழுதி, கீழே அவளை வரைந்தவரின் பெயரிலேயே 'லியோனார்டோ' என்று கையெழுத்து! வேறொருவராக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். ஜேரி அதை எடுத்துக்கொண்டு நேராக உஃபிசியின் இயக்குநர் ஜோவானி போஜ்ஜியிடம் போனார். இருவரும் பேசி, படத்தைக் கொண்டு வரச் சொன்னார்கள்.

டிசம்பரில் ஆள் வந்து சேர்ந்தான். வின்சென்சோ பெருஜ்ஜா. லூவரில் ஓவியங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தவன். ஒரு சாதாரண விடுதி அறை. பெட்டியைத் திறந்தான். பழைய துணி, தேய்ந்த செருப்பு, தொழில் சாமான் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போடுகிறான். பெட்டி காலி. அப்புறம் அடிப்பலகையைத் தூக்கினான். அதற்குக் கீழே, சிவப்புப் பட்டில் சுற்றி, அவள்!

போஜ்ஜி கத்தவில்லை, ஓடவில்லை. 'இதை உஃபிசிக்கு எடுத்துப் போய் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்' என்று நிதானமாகச் சொன்னார். படத்தோடு கீழே இறங்கினால் விடுதிக் காவலர் மறிக்கிறார். விடுதிச் சுவரில் இருந்த படத்தைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம்! லூவரிலிருந்து படம் போனபோது மறிக்காத உலகத்தில், அந்த விடுதியில் ஒருவர் மறித்தார். அதற்காகவே அவரை நான் வணங்குகிறேன். உஃபிசியில் புகைப்படங்களோடு ஒப்பிட்டு அசல் என்று உறுதிசெய்தார்கள். பெருஜ்ஜாவைக் காவல்துறை அறையிலேயே பிடித்தது. நெப்போலியன் கொள்ளையடித்ததை நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன் என்றான். உண்மை அதுவல்ல, லியோனார்டோ தாமே பிரான்சுக்குக் கொண்டுபோன படம் அது. உஃபிசியில் சில நாள் மக்கள் பார்வைக்கு வைத்து, பிறகு ரோம், மிலான் வழியாகப் பாரிஸுக்கே அனுப்பிவைத்தார்கள். 1914 ஜனவரியில் லூவரில் மீண்டும் இடம்பிடித்தாள். போஜ்ஜி பதறியிருந்தால் அந்தப் படம் என்ன ஆகியிருக்கும்? பதறாத காரியம் சிதறாது.

இப்போது உள்ளே போவோம். எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். போட்டிசெல்லியின் 'வீனஸின் பிறப்பு' முன்னால் நின்றால் முகத்தோடு நின்றுவிடாமல் கடலைப் பாருங்கள். அலைகளைச் சின்னச் சின்னக் கீற்றுகளாகவே போட்டிருக்கிறார். கூந்தலில் பொன் இழைகள் தெரியும். லியோனார்டோ இளவயதில் வரைந்த 'மங்கள வார்த்தை', அதாவது வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் படத்தில், மரியாளின் வலது கை கொஞ்சம் நீளமாகத் தோன்றும். படத்துக்கு வலப்பக்கம் நகர்ந்து நின்று பாருங்கள், கை சரியாகிவிடும். நேரே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்கிறவருக்கு இது கிடைக்காது.

ரஃபேலின் 'கோல்ட்ஃபின்ச் மாதா'வில் ஒரு குழந்தை சிறு பறவையைக் கையில் பொத்தி நீட்டுகிறது, இன்னொரு குழந்தை அதைத் தொடுகிறது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில், இந்தப் படம் இருந்த வீடு இடிந்து, பலகை துண்டு துண்டாகிவிட்டது. ஒட்டினார்கள், மேலே வண்ணம் பூசினார்கள். நம் காலத்தில் ஏறத்தாழ 10 ஆண்டுகள் உட்கார்ந்து சீர்செய்து 2008இல் மீண்டும் பார்வைக்கு வைத்தார்கள். சிதறியதையும் பதறாமல் சேர்த்திருக்கிறார்கள், நாம் அதன்முன் 10 நிமிடம் நிற்கக் கூடாதா?

இங்கேதான், சுற்றுலா நிறுவன நண்பர்களே, உங்களிடம் வருகிறேன். நான் போன குழுவில் ஃபிளாரன்ஸுக்குக் கொடுத்தது ஒரு பிற்பகல். சதுக்கத்தில் டேவிட் நகலோடு ஒரு படம், ஐஸ்கிரீம், பேருந்து. உஃபிசியின் தூண்களைத் தாண்டி நடந்தோம், உள்ளே போகவில்லை. என்னோடு வந்த ஓவிய ஆசிரியை ஒருவர் பேருந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மறக்க முடியவில்லை. பிறகு நான் தனியாகத்தான் போய்ப் பார்த்தேன். எல்லாராலும் அது முடியுமா?

இந்தச் செல்வத்தின் பெரும்பகுதியைச் சேர்த்தது ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பம். அதன் கடைசி வாரிசு அன்னா மரியா லூயிசா என்ற அம்மையார். 1737இல், அவர்கள் ஆண்ட டஸ்கனி நாடு லொரேன் வம்சத்தின் கைக்கு மாறியபோது, அவர் ஒரு ஒப்பந்தம் போட்டார். கலைப்பொருள் எதுவும் இந்த நகரத்தை விட்டு வெளியே போகக் கூடாது; அவை நாட்டுக்கு அலங்காரமாக, மக்களுக்குப் பயனாக, வெளிநாட்டவரை ஈர்ப்பவையாக இருக்க வேண்டும் என்றார். கவனியுங்கள், வெளிநாட்டவரையும் சேர்த்து எழுதியிருக்கிறார். 1769இல் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது. அந்த அழைப்பில் நமக்கும் பங்கு உண்டு. அதைப் பிற்பகல் நேரமாகச் சுருக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமையில்லை.

ஆகவே என் கோரிக்கை இது: ஐரோப்பியப் பயணத் திட்டத்தில் ஃபிளாரன்ஸுக்கு இரண்டு இரவு, உஃபிசிக்குக் காலையில் மூன்று மணி நேரம், நுழைவுச்சீட்டோடு. ஏழு நாட்டை ஐந்தாகக் குறையுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். பயணத்துக்குப் பணம் கட்டும் அன்பர்களே, திட்டத்தாளில் 'வெளியிலிருந்து பார்வையிடுதல்' என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாமல் கேள்வி கேளுங்கள்.

வாசலருகே மேசையில் கோரிக்கைக் கடிதம் வைத்திருக்கிறோம். நூலகர் அம்மா பேனாவோடு உட்கார்ந்திருப்பார். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க இசைந்திருக்கிறார். நண்பர்களும் தங்கள் நிறுவனத்தின் பெயரோடு கையெழுத்திட்டால் அடுத்த கோடைத் திட்டத்திலேயே மாற்றலாம். நன்றி, வணக்கம்.