நூல் கொலுசும் ஒரு பட்டாணிக் குஞ்சும்: அம்மாப்பேட்டை மொட்டை மாடியிலிருந்து

வணக்கம் மக்களே. அடிபட்ட புறாக்களையும் கூடு கலைந்த புறாக் குஞ்சுகளையும் வீட்டு மாடியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவன்தான் பேசுகிறேன். இன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவேன், ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் தூங்குகிறார். அவருடைய அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இந்த அட்டைப் பெட்டிக்குள் இருப்பவர்தான். உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகு, மேலே மஞ்சள் முடி, அதற்கு நடுவில் முள் முளைத்த மாதிரி இறகுக் குருத்து. அழகு என்று நானே சொல்ல மாட்டேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு வீட்டில் ஏசியைக் கழற்றும்போது, வெளியே மாட்டியிருந்த பெட்டிக்குப் பின்னால் கூடு இருந்திருக்கிறது. இரண்டு குஞ்சுகள். ஒன்று கீழே விழுந்து அங்கேயே போய்விட்டது. இன்னொன்றை அந்த ஏசி மெக்கானிக் ஜவுளிக்கடைப் பையில் போட்டு வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அண்ணா, இது கழுகுக் குஞ்சுங்களா?" என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. தெருவில் ஆயிரம் மாடப்புறா பார்த்திருப்போம், குஞ்சை யாராவது பார்த்திருக்கிறோமா? ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் வரை அது கூட்டை விட்டு வெளியே வராது. வரும்போது கிட்டத்தட்ட அப்பா அம்மா அளவுக்கு வளர்ந்திருக்கும். அதனால் இந்தக் கோலத்தில் அது நம் கண்ணில் படுவதே இப்படிக் கூடு கலையும்போதுதான். முட்டையிலிருந்து வரும்போது சுமார் 15 கிராம்தான் இருக்கும். நாலைந்து நாளில் கண் திறக்கும். இவனுக்குக் கண் நன்றாகத் திறந்து, குருத்தும் வந்திருப்பதால் பத்து நாள் இருக்கும் என்று வைத்திருக்கிறேன். பெயர் பட்டாணி. ஏன் என்று பிறகு தெரியும்.

வந்தபோது உடம்பு சில்லென்று இருந்தது. பங்குனி வெயிலில் சேலத்தில் ஒரு உயிர் சில்லென்று இருக்குமா என்று கேட்காதீர்கள், இருக்கும். புறாவின் உடம்புச் சூடு 41, 42 டிகிரி. நமக்கு அது அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காய்ச்சல். அதனால் நல்ல குஞ்சைக் கையில் எடுத்தால் கொதிக்கிற மாதிரி இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கிறதே, பரவாயில்லை என்று நாம் நினைத்தால் அது ஏற்கெனவே குளிர்ந்துபோன குஞ்சு.

இங்கேதான் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் முதன்முதலாக ஒரு குஞ்சு கிடைத்தது. ஐயோ பசிக்குமே என்று ஃபிரிஜ்ஜில் இருந்த பாலை எடுத்து, இங்க் ஃபில்லரில் உறிஞ்சி, வாயைப் பிளந்து ஊற்றினேன். நன்றாகக் குடித்தது என்று அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் விறைத்துக் கிடந்தது. ரொம்ப நாள் பூனை வந்து பயமுறுத்தியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பூனை இல்லை, நான்தான்.

என்ன நடந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. உடம்பு குளிர்ந்திருந்தால் வயிறு வேலை செய்யாது. உள்ளே போனது, கழுத்துக்குக் கீழே தீனி முதலில் போய்ச் சேருகிற தீனிப்பையிலேயே கிடந்து புளித்துப்போகும். பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கப் பறவைக்கு வழி கிடையாது. அப்புறம், மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. நாம் ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். மூன்றையும் ஒரே ராத்திரியில் செய்திருக்கிறேன்.

புறாப்பால் என்று ஒன்று உண்டே, அது பால்தானே என்று கேட்பீர்கள். பெயர்தான் பால். அப்பாப் புறா, அம்மாப் புறா இரண்டுக்குமே தீனிப்பையின் உள்தோல் தடித்து, உரிந்து, பனீர்த் துருவல் மாதிரி வருகிறது. புரதமும் கொழுப்பும்தான் அதில். முதல் சில நாட்களுக்குக் குஞ்சுக்கு அதுதான் முழுச் சாப்பாடு. அதைச் சுரக்க வைக்கும் ஹார்மோன் புரோலாக்டின், நம் வீட்டுத் தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைக்கிற அதே ஹார்மோன். ஆண் புறாவுக்கும் அது வேலை செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவின் பாக்கெட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, பட்டாணிக்கு என்ன செய்தேன்? ஒன்றரை மணி நேரம் எதுவுமே கொடுக்கவில்லை. பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு மூலையில் வைத்தேன். ஒரு மூலையில் மட்டும்தான், சூடு அதிகமானால் அவனே நகர்ந்துகொள்ள வேண்டும். கை வைத்தால் சுடுகிறது என்று ஆன பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக ஒரு மூடியில் ஊற்றி, அலகு நுனியை மட்டும் தொட வைத்தேன். மூக்குத் துளை முங்கக் கூடாது. கோழி ஒரு வாய் எடுத்துத் தலையைத் தூக்கி விழுங்கும், பார்த்திருப்பீர்கள். புறா அப்படிக் குடிக்காது. அலகைத் தண்ணீரில் வைத்தபடியே உறிஞ்சும், நாம் இளநீர் குடிக்கிற மாதிரி. முதல் தடவை திகைத்து நின்றான், இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டான். எச்சம் போட்ட பிறகுதான் தீனி.

தீனியிலும் ஒரு விஷயம். காக்காக் குஞ்சு வாயைப் பிளந்து காட்டும், நாம் வைத்தால் போதும். புறாக் குஞ்சு வாயைப் பிளக்காது. அது தன் அலகைத் தாயின் வாய்க்குள் விட்டுத்தான் சாப்பிடும். அதனால் நம் கையில் எதையாவது வைத்துக்கொண்டு அது வாயைத் திறக்கும் என்று காத்திருந்தால் பொழுதுதான் போகும். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சின் முனையை வெட்டிவிட்டு, அதன் வாயில் ஒட்டுகிற பேண்டேஜை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கீறல் போட்டிருக்கிறேன். இதோ, இதுதான். உள்ளே கிளிக் குஞ்சுக்குக் கரைத்துக் கொடுக்கிற மாவு, வெதுவெதுப்பாக. கீறலுக்குள் அலகை விட்டவுடன் இறக்கையை அடித்துக்கொண்டு தின்கிறான் பாருங்கள், அந்த ஆட்டம்!

நேற்றிலிருந்து பட்டாணிக்கு மாறிவிட்டோம். கடையில் கிடைக்கிற உறையவைத்த பச்சைப் பட்டாணி. வெந்நீரில் போட்டு, சில்லிப்பு போய், நம் மணிக்கட்டில் வைத்தால் இதமாக இருக்கிற பதத்தில், ஒவ்வொன்றாக நாக்குக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். அலகை மூடிவிட்டால் அவனே விழுங்குவான். பெரிய குஞ்சு ஒரு வேளைக்கு முப்பது நாற்பது தின்னும், இவனுக்குப் பதினைந்து போதும். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். முன்பு கொடுத்தது இறங்கியிருந்தால்தான் அடுத்தது. சமையலறைத் தராசில் நேற்று 142 கிராம், இன்று காலை 155. அம்மா, "ரேஷன் அரிசியைக்கூட நீ இப்படி நிறுத்துப் பார்த்ததில்லை" என்கிறார்.

அம்மா என்றதும் ஞாபகம் வந்தது. போன வாரம் கேட்டிருந்தீர்களே, அந்தக் கால் விரல் போன புறாவுக்கு என்ன ஆனது என்று. எங்கள் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறி இருந்தால் கழிவு நூலும் இருக்கும். பட்டு இழை, சரிகைத் துணுக்கு எல்லாம் குப்பையில், சாக்கடை ஓரத்தில் கிடக்கும். புறா நடந்துகொண்டே இரை பொறுக்கும் பறவை. நூல் விரலில் மாட்டும், நடக்க நடக்க இறுகும், ரத்தம் ஓடாமல் விரல் வீங்கி, கறுத்து, ஒருநாள் உதிர்ந்துவிடும். சேலம் கொலுசுக்குப் பேர்போன ஊர், எங்கள் தெருப் புறாக்களுக்கு நூலிலேயே கொலுசு போட்டுவிட்டிருக்கிறோம். பட்டு நூல் லேசில் அறாது, அதுதான் பிரச்சினை.

இதில் நான் வெறும் எடுபிடிதான். புறாவைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். நெஞ்சை மட்டும் அழுத்தவே கூடாது, பறவைக்கு நமக்கு இருப்பது போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. காலைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் அழுக்கும் பக்கும் இளகும். அப்புறம் அம்மா. முப்பது வருடமாகத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்ட கண்கள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஊசி முனையால் நூலின் ஒரு சுற்றை மட்டும் தூக்குவார், நான் சின்னக் கத்தரியால் வெட்டுவேன். "இழுக்காதே கண்ணு, இழுத்தால் தோலோடு வரும்." அந்தப் புறாவுக்கு அன்றைக்கு நாற்பது நிமிடம் ஆனது. நடு விரலைக் காப்பாற்ற முடியவில்லை, ஏற்கெனவே காய்ந்து கறுத்திருந்தது. அதை நாங்கள் வெட்டவில்லை, அதுவாக விழும். மற்ற இரண்டு விரல்களும் இப்போது மடங்குகின்றன. அப்பா ஒரு வேலை செய்திருக்கிறார். தறிக்குப் பக்கத்தில் பழைய பெயின்ட் டப்பா ஒன்றை வைத்து, கழிவு நூலை எல்லாம் அதில் போடுகிறார். எதிர்வீட்டு மாமாவும் வைத்திருக்கிறார். தெருவில் இன்னும் பாதிப் பேர் வைக்கவில்லை, சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நோய் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. தலையைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு, தானியத்தைக் குறிவைத்துக் கொத்தினாலும் பக்கத்தில் கொத்துகிற புறாவைப் பார்த்திருப்பீர்கள். பேய் பிடித்தது என்பார்கள். அது ஒரு வைரஸ், கோழிக்கு வருகிற வெள்ளைக்கழிச்சலுக்கு நெருங்கிய சொந்தம். அதை அழிக்க மருந்து கிடையாது. ஆனால் குழிவான கிண்ணத்தில் நிறையத் தானியம் வைத்து, தேவைப்பட்டால் கையால் ஊட்டி, சில வாரங்கள் பார்த்துக்கொண்டால் பல புறாக்கள் தேறிவிடும். மற்ற புறாக்களிடமிருந்து பிரித்து வையுங்கள். வீட்டில் நாட்டுக்கோழி இருந்தால் அதன் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பக்கத்து ஊர் நாமக்கல் என்பது ஞாபகம் இருக்கட்டும். வாய்க்குள் மஞ்சளாகக் கட்டி படிந்திருந்தால் அது புறா வளர்ப்பவர்கள் கேங்கர் என்று சொல்வது, அதற்கு மருந்து உண்டு, கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். அளவை நான் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். பூனை வாய் பட்டிருந்தால் காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே போங்கள், பூனையின் எச்சிலில் இருக்கும் பாக்டீரியா ஓரிரு நாளில் ஆளையே முடித்துவிடும். கண்ணைச் சுற்றியும் காலிலும் பரு வருவது புறா அம்மை, கொசுவால் பரவுவது. எங்கள் அத்தை வேப்பிலை கொண்டுவந்து பெட்டியைச் சுற்றி வைத்துவிட்டுப் போனார். கோட்டை மாரியம்மன் இருக்கிற ஊரில் அதை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கூடவே கொசுவலையும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "மாப்ள, பச்சையா ஒரு புறா கண்ணாடியில மோதி விழுந்து கிடக்குடா." படம் அனுப்பினான். பச்சை இறக்கை, சிவந்த அலகு. மரகதப்புறா, நம் தமிழ்நாட்டின் மாநிலப் பறவை! மரங்களுக்கு நடுவே தாழ்வாக, வேகமாகப் பறக்கிற பறவை, அதனால் பெரிய கண்ணாடி ஜன்னல்களில் அடிக்கடி மோதும். நான் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவதற்குள் என்ன ஆகுமோ என்று, போனிலேயே சொன்னேன்: தண்ணீர் தெளிக்காதே, ஊட்டாதே, காற்று போகிற அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து மூடு, திறந்து திறந்து பார்க்காதே. 1,500 மீட்டர் உயரத்தில் சாயங்காலம் குளிரும் என்பதால் அடியில் ஒரு போர்வை. எழவில்லை என்றால் வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடு, அதை வீட்டில் வைத்துக்கொள்ள 1972 வனவிலங்குச் சட்டம் இடம் கொடுக்காது. இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் படபடவென்று சத்தம். தோட்டத்தில் கொண்டுபோய்த் திறந்தானாம், காப்பிச் செடிக்கு மேலே ஒரே கோடாகப் போய்விட்டதாம். வீடியோ எடுத்தாயா என்று கேட்டேன். எடுக்கவில்லை. என்ன செய்ய, அவன் அப்படித்தான்.

நிறையப் பேர் கேட்பது: மூட்டை மூட்டையாகக் கம்பும் சோளமும் போடலாமா? எனக்குப் பிடிக்காது. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் சிந்துகிறதே போதும். ஒரே இடத்தில் கூட்டம் கூடினால் மேலே சொன்ன நோய் எல்லாம் அங்கேதான் பரவும். காய்ந்த எச்சத்தூசி நம் நுரையீரலுக்கும் ஆகாது. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது நான் மாஸ்க் போட்டுக்கொள்கிறேன், எச்சத்தை நனைத்துவிட்டுத்தான் துடைக்கிறேன். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலைக்கு வராதீர்கள், என்னைப் போல யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், போன மாதம் ஒரு பெரியவர் மாடி வரை ஏறிவந்து, பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் நல்லது, ஒன்று கொடு தம்பி என்றார். அவருக்கு மோர் கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். கோபமாகத்தான் போனார்.

பட்டாணியை எப்போது விடுவேன்? தானாகப் பொறுக்கித் தின்ன வேண்டும், மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடுமாறாமல் பறக்க வேண்டும். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். காலையில், எதிர்வீட்டு ஓட்டின் மேல் கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது கூண்டைத் திறந்து வைப்பேன். அதுவரை கொஞ்சுவது கிடையாது, ஊட்டுவதோடு சரி. மனிதன் என்றால் பழக்கம் என்று ஆகிவிட்டால் யார் கையிலும் போய் உட்காரும், எல்லார் கையும் நல்ல கை இல்லை.

இதோ, எழுந்துவிட்டான். கேட்கிறதா அந்தக் கீச்சுச் சத்தம்? தீனிப்பையும் தட்டையாகிவிட்டது. அம்மா, அந்த வெந்நீரை இங்கே கொடுங்கள்... சரி மக்களே, பதினைந்து பட்டாணி எண்ண வேண்டும், வைக்கிறேன்.