நெறி கட்டினால் உள்ளே என்ன நடக்கிறது?

வணக்கம். மஸ்கெலியாவில் காலையிலிருந்து ஒரே மழை. தகரத்தில் விழும் சத்தம் உங்களுக்கும் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அக்கா மகளுக்குக் காலில் அட்டை கடித்தது. சொறிந்து சொறிந்து புண்ணாக்கிவிட்டாள். அப்புறம் காய்ச்சல், தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. "நெறி கட்டியிருக்கு, காலைப் பாரு" என்றார் அப்பாயி. கட்டி தொடையில், அவர் பார்க்கச் சொன்னதோ காலை. அது முழுக்கச் சரி!

நெறி என்றால் நிணநீர்க்கணு, அதாவது திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் என்ற தெளிந்த நீரை வடிகட்டும் சின்ன முடிச்சு. காலிலிருந்து வரும் நிணநீர் அங்கேதான் வடியும். கிருமியின் துண்டுகளும் அதோடு வந்து சேரும். அங்கே பி கலங்கள் என்ற வெள்ளை இரத்தக் கலங்கள் கூட்டமாகக் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவப் பிறபொருளெதிரியை, அதாவது கிருமியைப் பிடிக்கும் புரதத்தை, வைத்திருக்கிறது, அதுவும் கிருமி வருவதற்கு முன்பே. மரபணுத் துண்டுகளைக் கலைத்துக் கலைத்துச் சேர்ப்பதால்தான் இத்தனை வகை. இதைக் கண்டுபிடித்த சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, ஒரு கலம் கிருமியோடு பொருந்திவிட்டது. பெரும்பாலும் உதவி டி கலம் என்ற இன்னொரு வகை வெள்ளைக் கலம் சம்மதித்த பிறகுதான் அது பெருகும். பெருகும்போது அதன் மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் விழும். கிருமியை இன்னும் இறுக்கிப் பிடிப்பவை பிழைக்கும், மற்றவை செத்துப்போகும். ஃபேக்டரியில் தேயிலைத்தூளைத் திரும்பத் திரும்பச் சலிக்கிறார்களே, அந்த மாதிரி. உள்ளே இவ்வளவு கூட்டம் சேர்ந்தால் கணு வீங்காமல் என்ன செய்யும்?

புதிய கிருமி என்றால் பிறபொருளெதிரி இரத்தத்தில் தென்பட ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதே கிருமி மறுபடி வந்தால், முன்பு பெருகியவற்றில் மிஞ்சியிருக்கும் நினைவுக் கலங்கள் சீக்கிரமே வேலையைத் தொடங்கிவிடும். வட அத்திலாந்திக்கில் இருக்கும் பேரோ தீவுகளில் 1781இல் சின்னமுத்து (தட்டம்மை) வந்தது, பிறகு 1846இல்தான் திரும்பியது. சிறுவயதில் அது வந்து போன முதியவர்களை 65 வருடம் கழித்தும் அது தொடவில்லை என்று பனும் என்ற டேனிஷ் மருத்துவர் எழுதி வைத்தார். அந்த நினைவை நோய் வராமலே தருவதுதான் தடுப்பூசி. பிள்ளைகளின் ஊசித் தவணையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நெறியை அமுக்கித் தேய்க்க வேண்டாம், புண்ணைக் கவனியுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாமல் இருந்தாலோ, கல் மாதிரி இறுகினாலோ வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

இவளுக்குத் தோட்ட வைத்தியசாலையில் மருந்து கொடுத்தார்கள். நேற்றுத் தொட்டுப் பார்த்தேன், சுண்டைக்காய் அளவுதான் இருக்கிறது.