ஆழத்துப் பாறைகள் மேலே வரும் வழிகள்

நேயர்களுக்கு வணக்கம். வெப்பமும் அழுத்தமும் ஒரு பாறையை எவ்வாறு உருமாற்றுகின்றன என்பதை விரிவாக விளக்கிவிட்டு, அது மீண்டும் வெளியே வந்ததை "பின்னர் நிலம் உயர்ந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுண்டு. நிலம் எவ்வளவு உயர்ந்தாலும், பாறையின் மேல் கிடக்கும் சுமை குறையாத வரை அது புதைந்தே இருக்கும். மேலே இருப்பது அகல வேண்டும். அல்லது அதை ஊடுருவிக் கீழே இருப்பது ஏற வேண்டும்.

அகற்றும் வேலையை ஆறுகளும் பனியாறுகளும் நிலச்சரிவுகளும் செய்கின்றன. மலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பாறை அரித்துச் செல்லப்பட்டால், சரக்கை இறக்கிய கப்பல் நீரில் எழும்புவது போல, எஞ்சிய மேலோடு, அதாவது புவியின் வெளிப்பாறை அடுக்கு, ஏறத்தாழ 800 மீட்டர் உயர்கிறது. மேலோட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம், அதன் அடியில் இருந்து அதைத் தாங்கும் பாறை அடுக்கான கவசத்தின் அடர்த்தி சுமார் 3.3 கிராம் என்பதே இக்கணக்கின் அடிப்படை. ஆகவே மலை மிக மெதுவாகவே தாழ்கிறது. அடியில் உள்ள பாறையோ அதைவிடப் பல மடங்கு விரைவாக மேற்பரப்பை நெருங்குகிறது. சிந்து நதி ஆழமாக அறுத்தோடும் நங்க பர்வதத்தில், சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன்புதான் ஆழத்தில் உருகி உறைந்த பாறைகள் இன்று வெளியே தெரிகின்றன.

மேலோடு இழுபட்டு மெலியும் இடங்களில் அரிப்பின் உதவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. சரிவு குறைந்த பெரும்பிளவு ஒன்றின் வழியே மேற்பகுதி வழுக்கி விலக, அடிப்பகுதி அந்த இடத்தில் மேலெழுகிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், உருமாறாத படிவுகள் ஆழத்துப் பாறைகளின் மேல் நேரடியாக அமர்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இவ்விரண்டு வழிகளும் சில பத்து கிலோமீட்டர் ஆழத்திற்குப் போதும். 1984ஆம் ஆண்டில், இத்தாலியின் டோரா மைரா பகுதியில் கிடைத்த கார்னெட் என்னும் கனிமப் படிகங்களுக்குள் கோயசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கிறிஸ்டியான் ஷோப்பான் அறிவித்தபோதுதான் சிக்கல் பெரிதானது. குவார்ட்ஸ் என்னும் சாதாரணக் கனிமம், ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ள அழுத்தத்தில்தான் கோயசைட்டாகிறது. கசகஸ்தானின் கோக்செதாவ் பாறைகளில் பின்னர் நுண்வைரங்களே கிடைத்தன. கண்ட மேலோடு அத்தனை ஆழம் போய்த் திரும்ப முடியும் என்று அதுவரை பலர் கருதியதில்லை.

இங்கே முதன்மையான விசை மிதப்பு என்பதே என் கருத்து. புவியின் மேற்புறம் நகரும் பெரும் தட்டுகளாகப் பிரிந்துள்ளது; அவற்றில் கனமான கடல் தட்டு கண்டத்தின் விளிம்பைத் தன்னோடு கீழே இழுத்துச் செல்கிறது. கண்டப் பாறையோ உருமாறிய பின்னும் பெரும்பாலும் கவசத்தைவிட இலேசானது. இழுக்கும் தட்டு அறுந்துவிட்டால், அல்லது கண்டத்துண்டு அதிலிருந்து கழன்றுகொண்டால், அது இறங்கிய வழியாகவே மேலேறுகிறது. டோரா மைராவில் சுமார் 3 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய ஏற்றம், முதலில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டராக, அதாவது தட்டுகள் நகரும் வேகத்துக்கு இணையாக, இருந்தது என்று காலக்கணிப்புகள் காட்டுகின்றன. மெதுவாக ஏறியிருந்தால் கோயசைட் முழுவதும் குவார்ட்ஸாகியிருக்கும். இப்போதும் அதில் ஒரு பகுதி மாறி விரிவடைந்ததால்தான், அதைச் சூழ்ந்த கார்னெட்டில் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வெடிப்புகள் தென்படுகின்றன.

ஆனால் மிதப்பின் பலன் மேலோட்டின் அடித்தளம் வரைதான். அங்கே சுற்றுப்புறத்தின் அடர்த்தியும் குறைந்துவிடுவதால் ஏற்றம் தளர்கிறது. எஞ்சிய முப்பது, நாற்பது கிலோமீட்டரைப் பிளவுகளும் அரிப்புமே கடக்கச் செய்கின்றன. பப்புவா நியூ கினியின் தான்ட்ரகாஸ்தோ தீவுகளில் இம்முழுப் பயணமும் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் முடிந்திருக்கிறது. அங்கு கடல்தரையின் பிளப்பு நிலத்தை இழுத்து வழிவிட்டதா, பாறை தானே குமிழாக மேலெழுந்ததா என்ற விவாதம் தொடர்கிறது. ஒன்றை ஏற்றால் மற்றதை விலக்க வேண்டிய கட்டாயம் எனக்குத் தெரியவில்லை.