சவரக்கத்தியின் வாய்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் அப்பா சலூன் வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன மடக்குக் கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது, ஜெர்மனியில் சோலிங்கன் ஊரில் செய்தது. கடையில் இன்றைக்கு யாருக்கும் அதைத் தொடுவதில்லை. ஒருவரின் ரத்தம் பட்ட கத்தி இன்னொருவர் முகத்துக்குப் போகக்கூடாது என்பதால் பாதி பிளேடு மாட்டுகிற கத்திதான், அதுதான் சரி. அப்பாவின் கத்தி என் முகத்துக்கு மட்டும்.

இந்தக் கத்தியை எத்தனை நாளுக்கு ஒருமுறை சாணைக்கல்லில் பிடிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கல்லில் வைக்கிற ஒவ்வொரு முறையும் எஃகு தேய்கிறது, கத்தியின் ஆயுள் குறைகிறது. அதனால் கல்லுக்குப் போகாமல் எத்தனை நாள் ஓட்டலாம் என்று கேளுங்கள். தினமும் சவரம் செய்தும் என் கத்தி நான்கு மாதம் தாங்குகிறது.

கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, எப்படிக் கெடுகிறது? 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சாதாரண சவர பிளேடுகளை எடுத்து, மயிரை வெட்டும்போதே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மயிர் எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது, ஆனாலும் விளிம்பில் பொடிப்பொடியாகச் சில்லு பெயர்கிறது. எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், மயிர் சாய்வாக வந்து மோதும்போது இது நடக்கிறது. சாய்வை நம்மால் முழுக்கத் தவிர்க்க முடியாது, ஆனால் மயிரை இளக்க முடியும். வெந்நீர்த் துணியை மூன்று நிமிடம் தாடியில் வைத்து, நுரை போட்டு, அப்புறம் கத்தியை எடுங்கள். வறண்ட தாடியில் அவசரமாக இழுத்தால் அடுத்த நாளே வித்தியாசம் தெரியும்.

ஆனால் மயிரைவிடத் தண்ணீர்தான் பெரிய எதிரி என்பது என் அனுபவம். பழைய கத்திகள் கார்பன் எஃகு, துருப்பிடிக்கும். வாயின் நுனி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அவ்வளவு மெல்லிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துருவே போதும், கூர் போய்விடும். எங்களுடையது கடலோர ஊர், காற்றிலேயே உப்பு இருக்கிறது, அதனால் சவரம் முடிந்ததும் முகத்தைத் துடைப்பதற்கு முன்னாலேயே கத்தியைத் துடைத்துவிடுவேன், பழைய வேட்டித் துணியால், முதுகிலிருந்து வாய் நோக்கி, ஒருபோதும் எதிர்த்திசையில் இல்லை. அப்புறம் வாரின், அதாவது ஒரு பக்கம் தோலும் ஒரு பக்கம் துணியுமாக உள்ள தீட்டுப் பட்டையின், துணிப் பக்கத்தில் பத்து தடவை தீட்டுவேன், மீதி ஈரம் போவதற்காக. ஒரு மணி நேரம் திறந்தே வைத்துவிட்டு மடக்குங்கள். குளியலறையில் வைக்கவே வேண்டாம். நாலைந்து நாள் எடுக்கப்போவதில்லை என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள், தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். படிகாரம் தேய்த்த கையோடு கத்தியைத் தொடாதீர்கள், அது அமிலத்தன்மை உள்ளது. கழுவும்போது குழாயில் தட்டிவிடாதீர்கள், ஒரு தட்டு போதும், மறுபடி கல்தான். கைப்பிடி பழைய செல்லுலாய்டாக இருந்தால் அதையும் கவனியுங்கள், அது சிதையத் தொடங்கினால் வெளியாகும் வாயுவே கத்தியைத் துருவாக்கும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் சோலிங்கனிலும் அந்தக் காலத்தில் ஏழு கத்தி கொண்ட பெட்டி செய்து விற்றார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிழமையின் பெயர் பொறித்திருக்கும். சவரம் செய்த கத்திக்கு ஓய்வு கொடுத்தால் வாய் தானாக நிமிரும் என்பது பழைய நம்பிக்கை. நன்றாகக் காய்வதற்கு நேரம் கிடைத்ததுதான் அதில் உண்மையான லாபம் என்று நான் நினைக்கிறேன்.

இனி வார். சவரத்துக்கு முன்னால் துணிப் பக்கம் இருபது, தோல் பக்கம் ஐம்பது தடவை. முதலில் உள்ளங்கையால் வாரைத் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகள் இருந்தால்கூடக் கத்தியின் வாயில் பல் விழும், அதாவது சின்னச் சின்ன வெட்டு விழும். வாரை விறைப்பாகப் பிடியுங்கள், தொய்வாக இருந்தால் வாய் உருண்டுபோகும். கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்தே தோலில் படுத்திருக்க வேண்டும். முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபடும். வாரின் முனை வந்ததும் முதுகின் மேலேயே புரட்டித் திருப்புங்கள், வாயின் மேல் புரட்டினால் தோலும் அறும் கத்தியும் போகும். அழுத்தம் வேண்டாம், கத்தியின் எடையே போதும். "வேகம் அப்புறம் வரட்டும், முதலில் படுக்க வை" என்று அப்பா அந்த ஒன்றையே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு அது கைக்கு வர ஒரு வருடம் ஆனது.

இவ்வளவுக்குப் பிறகும் மோவாயில் லேசாக இழுக்கத் தொடங்கினால் உடனே கல்லை எடுக்காதீர்கள். குரோமியம் ஆக்சைடு கலந்த பச்சைப் பசையை வேறொரு தோலில் மெல்லியதாகத் தடவி, அதில் ஏழெட்டு தடவை தீட்டுங்கள், கூர் திரும்பும். மாதம் ஒருமுறைக்கு மேல் இது வேண்டாம், அடிக்கடி செய்தால் வாய் உருளும். கூர் பார்க்க நகத்தில் வைத்து இழுக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அதுவே கத்தியைக் கெடுக்கும். முன்கை மயிரில், தோலில் படாமல் சற்று மேலாக ஓட்டிப் பாருங்கள். பசைக்கும் மசியாமல் மயிர் வெட்டுப்படாமல் வளைந்து கொடுத்தால் அன்றைக்குக் கல்லை நனையுங்கள். அப்போதும் 1000 எண் கல்லில் தொடங்க வேண்டாம் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்), பல் விழாத கத்திக்கு 8000, அப்புறம் 12000, இந்த இரண்டே போதும்.