சுரங்கத்து மஞ்சள் தூள்

வணக்கம் நேயர்களே.

யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில்களின் அடியைப் பாருங்கள், வெள்ளையாக ஓடு பிடித்திருக்கும். தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்துக் கரையும். அது கல்சியம் காபனேற்று. குடாநாட்டின் கீழே கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைத்து எங்கள் கிணறுகளுக்குள் கொண்டுவருகிறது. அதே காபனேற்றுக் குடும்பத்தில், மிக அரிதாகவே அகப்படும் ஒரு கனிமம் பற்றித்தான் இன்று பேச வந்தேன். பெயர் பேயரைற்.

இதில் கல்சியத்தோடு பிசுமத்தும் சேர்ந்திருக்கிறது. ஆவர்த்தன அட்டவணையில் ஈயத்துக்கு அடுத்த மூலகம் பிசுமத்து. ஆனால் ஈயத்தின் நஞ்சு இதற்கு இல்லை; வயிற்று மருந்துகளில்கூடச் சேர்க்கிறார்கள். பேயரைற்றின் நிறையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிசுமத்துதான். வெறும் கல்சியம் காபனேற்றுக் கனிமமான கல்சைற்றின் அடர்த்தி 2.7 என்றால் இதற்கு ஏறத்தாழ 6.5.

ஆழத்தில் பிறக்கிற கனிமம் அல்ல இது. பிசுமத்துத் தாதுகள் நிலத்தின் மேற்பகுதிக்கு வந்து, காற்றும் காபனீரொட்சைட்டுக் கரைந்த நீரும் படப்பட, மெல்ல மெல்லச் சிதைகின்றன. எங்கள் சுண்ணாம்புக்கல்லைக் குடைவதும் அதே நீர்தான். ஆனால் கல்சியம் நீரோடு ஓடிவிடும். பிசுமத்து இலகுவில் நகராது. தாய்க் கனிமத்தின் மேலும், அதன் வெடிப்புகளுக்குள்ளும் வெள்ளையாக, மஞ்சளாக, சாம்பல் பச்சையாகப் படிந்துவிடும். நல்ல துண்டொன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் மெல்லிய சதுரத் தகடுகள் தெரியும். பெரும்பாலும் அதுவும் இல்லை, வெறும் தூள்தான். பிசுமுற்றைற் என்ற இதன் உறவுக் கனிமமும் இதே கோலத்தில் இருப்பதால், கண்ணை நம்பிப் பிரிக்க முடியாது, எக்ஸ்-கதிர்ப் பரிசோதனை வேண்டும்.

ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தில் ஷ்னேபேர்க் என்ற பழைய சுரங்க நகர் இருக்கிறது. வெள்ளி, கோபாற்று, பிசுமத்து மூன்றும் எடுத்த இடம். அங்கே சுரங்கப் பொறியியலாளராக இருந்த அடோல்ஃப் பேயர், பிசுமத்துக் காபனேற்று இயற்கையிலேயே உண்டு என்பதை 1805 இல் முதலில் இனங்கண்டார். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் கிளிஃபர்ட் ஃபுரொண்டல் அந்த நகரின் மாதிரிகளையும் கலிபோர்னியாவின் பாலா பகுதி ஸ்ருவேட் சுரங்கத்து மாதிரிகளையும் ஆராய்ந்து, 1943 இல் இதைத் தனிக் கனிமமாக நிறுவி, பேயரின் பெயரையே இட்டார். பேயரின் கண்ணுக்கு இந்த மரியாதை தகும் என்பேன். பாலாவுக்குப் போகிறவர்கள் இளஞ்சிவப்புத் தூர்மலின் இரத்தினக்கல்லைத்தான் தேடுவார்கள்; பக்கத்துத் தூளை யார் பார்ப்பார்?

எங்கள் சுண்ணாம்புக்கல்லில் பிசுமத்துத் தாது தேடிப் பயனில்லை, அது கடலடிப் படிவு. இலங்கையின் தெற்குப் பாறைகளின் கதை வேறு. யாழ்ப்பாண வழிவந்த ஆனந்த குமாரசுவாமி, இரத்தினபுரிப் பக்கத்துச் சரளையிலிருந்து 1904 இல் தோரியனைற் என்ற புதிய கனிமத்தை உலகுக்குத் தந்தார். புவியியல் படிக்கும் எங்கள் பிள்ளைகள் களத்துக்குப் போகும்போது மின்னுகிற கல்லோடு நின்றுவிடாமல், அதில் ஒட்டியிருக்கும் தூளையும் ஒரு சிறு பையில் இட்டு, எடுத்த இடத்தை எழுதிக் கொண்டுவர வேண்டும்.

நன்றி, வணக்கம்.